பழவேற்காடும் பாரிமுனையும்

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. பொன்னாலும் வெள்ளியாலும் செம்பாலும் அடிக்கப்பெற்ற காசு என்பது ஒன்று. சொன்ன சொல் தவறாத நேர்மை என்பது மற்றொன்று. 'அவர் நாணயமானவர்' என்று ஊரார் ஒருவரைப் பற்றிக் கூறுவராயின், அவர் கையிலுள்ள காசை எண்ணிப் பார்த்துக் கூறுவதில்லை. அவர் வாக்கை நம்பித் தம் காசை அவரிடம் ஒப்படைக்கலாம் என்பதே அதன் கருத்து. இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது மிகவும் பொருத்தமுடையது. காசு ஓரிடத்தில் வந்து குவிவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால், அது அங்கு நிலைத்துத் தங்குவதற்கு நேர்மையும், அந்நேர்மையைக் காக்கும் முறையும் இன்றியமையாதன.

இவ்வுண்மையைச் சோழமண்டலக் கடற்கரையில் உள்ள இரண்டு இடங்களின் வரலாறு தெளிவாக விளக்குகின்றது. ஒன்று, பழவேற்காட்டு ஏரிக்கரையில் உள்ள மீனவர் குப்பங்கள். மற்றொன்று, சென்னை மாநகரின் செல்வமெல்லாம் பல்லாண்டு காலம் திரண்டிருந்த பாரிமுனையும் கடற்கரைச் சாலையும். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 60 கிலோமீட்டரே. எனினும், ஒன்றின் வளர்ச்சியும் மற்றொன்றின் தளர்ச்சியும் கடலுக்கு அப்பாலிருந்து வந்த வாணிகத்தோடு பின்னிக் கிடக்கின்றன.

ஏரியும் ஊரும்

பழவேற்காட்டு ஏரி, கடல்நீரும் ஆற்றுநீரும் கலந்து நிற்கும் உப்புநீர் ஏரியாகும். இந்தியாவில் உள்ள இத்தகைய ஏரிகளுள் ஒடிசாவின் சில்கா ஏரி முதலிடம் பெறுகின்றது; அடுத்த இடம் இதற்கே உரியது. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும், தென்கோடிப் பகுதி தமிழகத்தின் திருவள்ளூர் மாவட்டத்திலும் அமைந்துள்ளன. ஆரணியாறும் காளங்கி ஆறும் தம் நீரை இதனுள் சேர்க்கின்றன. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நீண்டதோர் அரண்போலக் கிடக்கின்றது. தென்முனையில் பழவேற்காடு என்னும் ஊருக்கு அருகில் உள்ள முகத்துவாரத்தின் வழியே கடலும் ஏரியும் ஒன்றோடொன்று உறவாடுகின்றன.

கடலின் சீற்றம் ஏரிக்குள் இல்லை. கடலில் செல்லும் கலங்களில் வந்த சரக்கு, சிறு படகுகளில் ஏறி, அமைதியான நீரின் வழியே ஊரை அடையலாம். ஆகவே, விசயநகர மன்னர் காலத்திலேயே இவ்வூர் பெயர்பெற்ற துறைமுகமாக விளங்கியது. கீழைக் கடலில் மலாக்கா வரையில் சென்ற கலங்கள் இங்கிருந்து புறப்பட்டன. செட்டியாரும், கோமுட்டியாரும், இசுலாமிய வணிகரும் இங்கு வாழ்ந்தனர். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேசியரும் இங்குக் குடியேறி வாணிகம் செய்தனர்.

ஒல்லாந்தர் வருகை

1602ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டு வணிகர் பலர் ஒன்றுகூடிக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்றை நிறுவினர். செல்வர் சிலர் மட்டுமன்றி, எளிய தொழிலாளரும் வீட்டு வேலை செய்வோருங்கூடத் தம் சேமிப்பைக் கொடுத்து அக்கம்பெனியில் பங்கு வாங்கினர். அப்பங்குகள் ஆம்ஸ்டர்டாம் நகரில் கைமாறின. 1609ஆம் ஆண்டில் அந்நகரில் புகழ்பெற்ற வங்கியொன்றும் தோன்றியது. இன்று உலகப் பெருநகரங்களில் காணப்பெறும் பங்குச் சந்தை, வங்கி முதலிய அமைப்புகளின் இளம்பருவத்தை அக்கால ஆம்ஸ்டர்டாமில் காணலாம்.

அந்நகரின் செல்வத்துக்கும் பழவேற்காட்டுக்கும் தொடர்பு ஏற்பட்ட வரலாறு வியப்புக்குரியது. ஒல்லாந்தர் விரும்பிய கிராம்பும், சாதிக்காயும், மிளகும் கிழக்கிந்தியத் தீவுகளில் விளைந்தன. அத்தீவு மக்கள் ஐரோப்பியப் பண்டங்களைப் பெரிதும் விரும்பினாரல்லர். அவர்கள் விரும்பியன சோழமண்டலக் கரையில் நெய்யப்பெற்ற பருத்தித் துணிகளே. சாயவேரின் செந்நிறம் ஏறிய அத்துணிகள் எத்தனை முறை வெளுத்தாலும் நிறம் மங்காதன. எனவே, இங்குத் துணி வாங்கி, அங்கு அதைக் கொடுத்து நறும்பொருள் வாங்கி, அதை ஐரோப்பாவில் விற்றுப் பொருளீட்டுவது ஒல்லாந்தர் கண்ட வழியாயிற்று.

விசயநகர மன்னர் வேங்கடபதி தேவராயரின் இசைவு பெற்று, 1610ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தர் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தனர். சாந்தோமில் இருந்த போர்த்துக்கேசியர் 1612ஆம் ஆண்டில் அதனைத் தாக்கி அழித்தனர். அதன்பின் ஒல்லாந்தர் அவ்விடத்தில் கோட்டை கட்டி, 1613ஆம் ஆண்டில் அதற்குக் கெல்டிரியா என்று பெயரிட்டனர். சோழமண்டலக் கரையில் அவர்தம் ஆட்சிக்கும் வாணிகத்துக்கும் அக்கோட்டையே தலைமையிடமாயிற்று. அங்கு நாணயம் அடிக்கும் சாலை அமைந்தது. வெடிமருந்துச் சாலையும் எழுந்தது.

முன்பணத்தின் ஆற்றல்

அவ்வாணிகம் நடைபெற்ற முறையை அறிதல் வேண்டும். கப்பல் வந்து சேரும் நாளில் சந்தைக்குச் சென்று ஆயிரக்கணக்கான துணிகளை வாங்கிவிட இயலாது. பல திங்கள்களுக்கு முன்னரே கம்பெனியார் உள்ளூர்ப் பெருவணிகரிடம் பணம் கொடுப்பர். அவ்வணிகர் அதனைப் பிரித்துச் சிறுவணிகரிடம் கொடுப்பர். அவர்கள் ஊர்தோறும் சென்று நெசவாளர்க்கு முன்பணம் அளிப்பர். நெசவாளர் அதனைக் கொண்டு நூல் வாங்குவர். தறியில் அமர்ந்திருக்கும் நாட்களில் தம் குடும்பத்தையும் காப்பர். துணி முடிந்ததும் அதே வழியில் அது மீண்டும் கோட்டையை அடையும்.

இதில் ஒருவர் சொல் தவறினும் சங்கிலி அறுந்துபோகும். ஆதலின், இரு பக்கத்தாரும் நம்பத்தக்க பெருவணிகர்க்கு மதிப்பு மிகுந்திருந்தது. மலையா என்று ஒல்லாந்தர் குறிப்பிட்ட அச்சுதப்பச் செட்டியாரும், அவர் தம்பி சின்னண்ணச் செட்டியாரும் அத்தகையோர். அவர்கள் ஒல்லாந்தர்க்குத் துணி திரட்டிக் கொடுத்ததோடு அமையாமல், சொந்தக் கப்பல்களைக் கடல் கடந்து செலுத்தினர். அரசர்களுக்கும் வெளிநாட்டார்க்கும் இடையே நின்று பேச்சு நடத்தினர்.

அக்கால வாணிகத்தின் புகழை மட்டும் கூறி, அதன் இழிவை மறைத்தல் முறையன்று. போரும் பஞ்சமும் நாட்டை வருத்திய காலங்களில், பசியால் வாடிய மக்களை அடிமைகளாக விலைக்கு வாங்கி, ஒல்லாந்தர் பழவேற்காட்டிலிருந்து பத்தேவியா முதலிய இடங்களுக்குக் கப்பலேற்றினர். துணிக்கு விலை குறித்த அதே கணக்கேடுகளில் மனிதர்க்கும் விலை குறிக்கப்பெற்றது. நேர்மையற்ற செல்வத்தின் கொடுமையை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டுவதில்லை.

பெருமை குன்றுதல்

பழவேற்காட்டின் பெருமை நெடுங்காலம் நீடிக்கவில்லை. நாட்டின் வடபகுதியில் போர்களும் பஞ்சங்களும் மிகுந்தன. துணி வாணிகம் தெற்கே நகர்ந்தது. 1690ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தம் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினர். 1781ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் நாகப்பட்டினத்தைக் கைப்பற்றியபின் அவர்கள் மீண்டும் பழவேற்காட்டை நாடினர். ஆனால், 1795ஆம் ஆண்டில் அதுவும் ஆங்கிலேயர் வசமாயிற்று. உடன்படிக்கையின்படி ஒருமுறை திருப்பித் தரப்பெற்று, 1825ஆம் ஆண்டில் முடிவாக ஆங்கிலேயரைச் சேர்ந்தது. இதற்கிடையில் கோட்டையும் இடிக்கப்பட்டது.

இம்மாற்றங்களுள் ஒன்றையேனும் பழவேற்காட்டு மக்கள் முடிவு செய்யவில்லை. பத்தேவியாவிலும் ஆம்ஸ்டர்டாமிலும் இலண்டனிலும் இருந்தோர் முடிவு செய்தனர். ஊரில் குவிந்த செல்வம் ஊராருக்கு உரியதன்று; ஆதலின், உரியவர் எடுத்துச் சென்றபோது அது சென்றுவிட்டது. இன்று அங்கு எஞ்சியிருப்பது, எலும்புருவம் செதுக்கிய வாயிலையுடைய ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டமும், முட்புதர் மண்டிய கோட்டைமேடுமே ஆகும். 'பழையகாட்டுக் கைலி' என்னும் பெயர் மட்டும் அவ்வூரின் துணிப் புகழை நாடெங்கும் இன்னும் நினைவூட்டுகின்றது.

சென்னையின் தோற்றம்

ஆங்கிலேயரும் முதலில் பழவேற்காட்டின் மீதே கண் வைத்தனர். ஒல்லாந்தரோடு போட்டியிட்டு அங்கு நிலைபெற இயலாமையால், 1626ஆம் ஆண்டில் ஏரிக்கு வடக்கே உள்ள ஆர்மகான் என்னும் துறையில் இடம் பெற்றனர். அதுவும் அவர்கட்கு நிறைவளிக்கவில்லை. 1639ஆம் ஆண்டில் பிரான்சிஸ் டே என்பவர், தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கரிடமிருந்து சென்னையில் கோட்டை கட்டுவதற்கு உரிய இடத்தைப் பெற்றார். பேரி திம்மப்பர் என்னும் வணிகர் அதற்குத் துணை நின்றார்.

சென்னைக் கடற்கரையில் இயற்கைத் துறைமுகம் ஏதும் இல்லை. பழவேற்காட்டைப் போல் அமைதியான நீர்ப்பரப்பும் இல்லை. அங்ஙனமாயின் அந்நகரம் வளர்ந்ததற்குக் காரணம் யாது? குடியேற வருவோர்க்கு முப்பது ஆண்டுகள் வரிவிலக்கு உண்டு என்று கம்பெனியார் அறிவித்தனர். நெசவாளரும், வெளுப்போரும், சாயமிடுவோரும், வணிகரும் வந்து குடியேறினர். துணி வெளுப்போர் வாழ்ந்த இடம் வண்ணாரப்பேட்டையாயிற்று. 1719ஆம் ஆண்டில் திருவொற்றியூர் அருகே காலாடிப்பேட்டையும், 1734ஆம் ஆண்டில் சிந்தாதிரிப்பேட்டையும் நெசவாளர்க்கென அமைந்தன. 1688ஆம் ஆண்டிலேயே நகரை ஆளுவதற்கு மாநகராட்சி ஏற்பட்டது. வழக்குத் தீர்க்க நீதிமன்றங்கள் எழுந்தன. கொடுத்த பணம் திரும்பி வரும், பிணக்கு ஏற்படின் தீர்ப்புக் கிடைக்கும் என்னும் எண்ணம் வணிகரைக் கவர்ந்தது.

படகோட்டிகளின் பணி

துறைமுகமற்ற கரையில் கப்பல்கள் நெடுந்தொலைவிலேயே நங்கூரமிட்டு நின்றன. கரையோரத்தில் அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புரண்டு வந்து மோதின. கப்பலின் படகுகள் அவ்வலைகளில் சிக்கினால் உடைந்து போயின. அந்நிலையில் கைகொடுத்தோர் கடற்கரைக் குப்பங்களில் வாழ்ந்த மீனவரே. இரும்பாணி ஒன்றும் இன்றிப் பலகைகளைக் கயிற்றால் தைத்து அமைத்த மசூலாப் படகுகள், அலை மோதும்போது உடையாமல் வளைந்து கொடுத்தன. கட்டுமரங்களில் செல்வோர் கப்பலுக்கும் கரைக்கும் இடையே கடிதங்களைச் சுமந்து சென்றனர்.

ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள், சென்னைக்கு வந்த பொன்னும், சென்னையிலிருந்து சென்ற துணியும் இப்படகுகளில் ஏறி இறங்கின. ஆளுநர்களும் அவற்றிலேயே கரை சேர்ந்தனர். வங்கிகளையும் கம்பெனிகளையும் பற்றிய நூல்களில் படகோட்டிகளின் பெயர்கள் இடம்பெறவில்லை. எனினும், அவர்தம் தோளின் வலிமை இல்லையாயின் அந்நகரத்துக் கணக்கேடுகளில் எழுதுவதற்கு ஒன்றும் இருந்திராது.

கடற்கரைச் சாலை

முதலில் வாணிகம் முழுவதும் கோட்டைக்குள்ளேயே நடைபெற்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சுங்கச்சாவடி, கோட்டைக்கு வடக்கேயுள்ள கடற்கரைக்கு மாறியது. சரக்கு இறங்கும் இடத்தை நாடி வணிகரும் அங்கேயே சென்றனர். 1788ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்த தாமஸ் பாரி என்பவர் நிறுவிய கம்பெனியின் பெயரே இன்றும் பாரிமுனைக்கு வழங்குகின்றது. கடலை நோக்கி வரிசையாகப் பண்டகசாலைகளும் அலுவலகங்களும் எழுந்தன. அத்தெரு முதற் கடற்கரைத் தெரு எனப்பட்டது. இந்நாளில் இராசாசி சாலை என வழங்குகின்றது.

அதற்குப் பின்புறம் அமைந்த சார்ச்சு டவுனின் தெருப்பெயர்கள் ஒரு வாணிக வரலாற்று நூலாகவே திகழ்கின்றன. தம்புச் செட்டித் தெருவும் லிங்கிச் செட்டித் தெருவும் கம்பெனியாரோடு வாணிகம் செய்த பெருவணிகரின் பெயரைத் தாங்கியுள்ளன. ஆர்மேனிய வணிகர் வாழ்ந்த தெரு மக்கள் நாவில் அரண்மனைக்காரத் தெருவாயிற்று. பவள வாணிகம் நடந்த தெரு பவளக்காரத் தெரு. நாணயம் அடிக்கும் சாலை இயங்கிய தெரு தங்கசாலைத் தெரு.

வாணிகம் பெருகப் பெருக, அதற்குத் துணையான அமைப்புகளும் அங்கேயே வந்து சேர்ந்தன. 1836ஆம் ஆண்டில் வணிகர் சங்கம் தோன்றியது. 1861ஆம் ஆண்டில் கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலம் ஒன்று அமைந்தது. 1875ஆம் ஆண்டில் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1881ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் வீசிய புயல், கட்டிய சுவர்களைச் சிதைத்தது. எனினும் பணி கைவிடப்படவில்லை; 1904ஆம் ஆண்டில் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியாளர் துறைமுகத்தின் வாயிலையே திசை மாற்றி, அதனைப் பாதுகாப்புடையதாக்கினார். 1884ஆம் ஆண்டில் தலைமை அஞ்சலகமும், 1892ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றமும் தத்தம் புதிய கட்டடங்களில் அமைந்தன. இங்ஙனம், சரக்கை இறக்கும் துறைமுகமும், செய்தியைச் சேர்க்கும் அஞ்சலகமும், வழக்கைத் தீர்க்கும் மன்றமும் நடந்து செல்லும் தொலைவில் ஒருங்கே அமைந்தன. வங்கிகள் அங்கே கூடியதில் வியப்பில்லை.

வங்கிகளும் நம்பிக்கையும்

சென்னையில் 1683ஆம் ஆண்டிலேயே கோட்டையில் வங்கியொன்று தொடங்கப்பெற்றது. 1843ஆம் ஆண்டில் தோன்றிய சென்னை வங்கி, 1921ஆம் ஆண்டில் வங்காள, பம்பாய் வங்கிகளோடு இணைந்து இம்பீரியல் வங்கியாயிற்று. அதுவே 1955ஆம் ஆண்டில் பாரத ஸ்டேட் வங்கியாக மலர்ந்தது. கடற்கரைச் சாலையில் செந்நிறக் கல்லும் செங்கல்லும் கொண்டு எழுந்த அதன் கட்டடம் காண்போர் கருத்தைக் கவர்வதாகும்.

ஆனால், கட்டடத்தின் உயரம் நம்பிக்கைக்கு அளவுகோல் ஆகாது. இதனை 1906ஆம் ஆண்டில் சென்னை மக்கள் பெருந்துன்பத்தோடு அறிந்தனர். அந்நாளில் ஆர்பத்நாட் கம்பெனி மிகவும் பெயர்பெற்ற நிறுவனமாக விளங்கியது. ஓய்வு பெற்ற அலுவலரும், கைம்பெண்களும், கோயில் அறக்காவலரும் தம் சேமிப்பை அங்கு இட்டு வைத்திருந்தனர். இலண்டனில் இருந்த கூட்டாளியார் அயல்நாட்டுத் தொழில்களில் பணத்தை இழந்துவந்தது அவர்களுக்குத் தெரியாது. அவ்வாண்டு அக்டோபர் 22ஆம் நாள் கம்பெனி கதவடைத்தது. வாழ்நாள் முழுவதும் சேர்த்த பொருளை ஒரே நாளில் இழந்தோர் பலர். கம்பெனியின் தலைவர் சர் சார்ச்சு ஆர்பத்நாட் நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

அத்துன்பத்திலிருந்தே ஒரு நன்மையும் பிறந்தது. தம் மக்களின் பணத்தைத் தம் மக்களே பொறுப்போடு காத்தல் வேண்டும் என்னும் எண்ணம் எழுந்தது. வழக்கறிஞர் வி. கிருட்டிணசாமி ஐயர் முதலிய பெருமக்கள் முயன்று, பங்குகள் திரட்டி, இந்தியன் வங்கியை நிறுவினர். அது 1907ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் பாரிக் கட்டடத்தில் தன் பணியைத் தொடங்கியது. முப்பது ஆண்டுகட்குப் பின், 1937ஆம் ஆண்டில், எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். கடல் கடந்து வாழ்ந்த தமிழர்க்குப் பயன்படும் வகையில் சென்னை, காரைக்குடி, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் அது கதவு திறந்தது.

1920ஆம் ஆண்டில் தோன்றி, இடையில் தளர்ந்து, 1937ஆம் ஆண்டில் புத்துயிர் பெற்ற சென்னைப் பங்குச் சந்தை, இரண்டாங் கடற்கரைத் தெருவில் இயங்கிவந்தது. கணிப்பொறியின் வழியே நாடு முழுவதும் ஒரே நேரத்தில் பங்குகள் கைமாறத் தொடங்கியபின் அதற்குத் தேவை குறைந்தது. 2015ஆம் ஆண்டில் அது தன் வாழ்வை முடித்துக்கொண்டது. 1959ஆம் ஆண்டில் மவுண்ட் சாலையில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பதினான்கு மாடிக் கட்டடம் எழுந்தது முதல், நகரின் செல்வ நிலையங்கள் பல தெற்கு நோக்கி நகர்ந்தன. பழவேற்காட்டுக்கு நேர்ந்தது போன்ற மாற்றம் பாரிமுனையையும் ஓரளவு தொட்டது எனலாம்.

குப்பத்தில் வாழும் முறை

ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் சென்றபின் பழவேற்காட்டில் எஞ்சியோர் யாவர்? அவர்கள் வருமுன் அங்கிருந்த மீனவரே. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் முதலிய ஊர்களில் அவர்கள் வாழ்கின்றனர். ஒன்றின் பெயரில் மட்டும் பழைய கோட்டை இன்னும் நிற்கின்றது. அம்மீனவரிடம் பங்குச் சந்தை இல்லை. நாணயச் சாலை இல்லை. எனினும், உலகம் கற்றுக்கொள்ளத்தக்க ஒரு முறை உண்டு. அதன் பெயர் பாடு.

இறால் கடலில் முட்டையிடும். அதன் சிறு குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குள் புகுந்து வளரும். வளர்ந்தபின் கடலுக்குத் திரும்பும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி நீரோட்டம் மிகும் நாட்களில் அவை திரளாக வெளியேறும். அப்போது நீரோட்டத்தின் வழியில் கழிகளை நட்டு வலை கட்டுவோர்க்கு நிறைந்த வேட்டை கிடைக்கும். ஆனால், அத்தகைய நல்ல இடங்கள் ஏரியில் சிலவே. வலிமையுடையோர் நாள்தோறும் அவ்விடங்களைப் பற்றிக்கொண்டால் எளியோர் பட்டினி கிடக்க நேரிடும், கைகலப்பும் ஓயாது.

ஆகவே, இடங்களை வகுத்து, உரிமையுள்ள குடும்பங்களைக் குழுக்களாகப் பிரித்து, எக்குழு எந்நாளில் எவ்விடத்தில் வலை கட்டவேண்டும் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தனர். ஊர்களுக்குள்ளும் முறை மாறி வரும். இன்று நல்ல இடம் பெற்றவர் அடுத்த முறை வேறிடம் செல்வார். ஊர்ப் பெரியோர் இதனைக் கண்காணிப்பர்; முறை தவறியோர்க்குத் தண்டம் விதிப்பர். எழுதிய பத்திரத்தைவிட ஊர்ச் சொல்லே இங்கு வலிமை உடையது. இலங்கையின் நீர்கொழும்பு ஏரியிலும் இதனை ஒத்த சீட்டுமுறை வழங்குகின்றது.

இம்முறையில் குறையே இல்லை என்று கூற இயலாது. குறிப்பிட்ட சில ஊர்களின் குடும்பங்களுக்கே அதில் உரிமை உண்டு. அவ்வுரிமை பெறாத பிற குடியினரும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் முதலியோரும் நல்ல பாடுகளுக்கு வெளியே நின்றே பிழைக்கின்றனர். இறாலுக்கு வெளிநாடுகளில் விலை ஏறியபின் இவ்வேற்றுமை மேலும் புலனாயிற்று. நேர்மை என்பது ஒருமுறை வகுத்து முடிந்துவிடும் பொருளன்று. தலைமுறைதோறும் விரிந்து வளரவேண்டிய ஒன்று.

நகரமும் ஏரியும்

நகரத்தின் வளர்ச்சி இப்போது மீண்டும் ஏரியை நோக்கி வந்துள்ளது. 2001ஆம் ஆண்டில் எண்ணூரில் புதிய துறைமுகம் இயங்கத் தொடங்கியது. 2014ஆம் ஆண்டில் அது காமராசர் பெயரைப் பெற்றது. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளியிலும் ஒரு துறைமுகம் எழுந்தது. அதனை மேலும் விரிவாக்கும் திட்டம் வந்தபோது, கரையின் மணலோட்டம் மாறி முகத்துவாரம் தூர்ந்துவிடுமோ, கடல் கரையை அரித்துவிடுமோ என்று பழவேற்காட்டு மீனவர் கவலையோடு குரல் எழுப்பினர். முகத்துவாரம் அடைபட்டால் இறால் குஞ்சு ஏரிக்குள் வாராது. இறால் வாராவிட்டால் பாடு என்னும் முறையும் பொருளற்றதாகும்.

துறைமுகமும் நாட்டுக்கு வேண்டுவதே. சரக்கு வந்திறங்காத நாட்டில் தொழில் வளராது. தொழில் வளராத நாட்டில் இளைஞர்க்கு வேலை இல்லை. ஆயினும், வளர்ச்சியின் கணக்கில் வரவை எழுதுவோர் செலவையும் எழுதுதல் வேண்டும். ஒல்லாந்தரின் கணக்கேட்டில் ஊராரின் இழப்புக்கு இடமில்லை. மக்களாட்சி நடைபெறும் நாட்டில் அவ்வாறு இருத்தலாகாது. முடிவு செய்யும் அவையில் ஏரிக்கரையாரின் சொல்லும் கேட்கப்பெறுதல் வேண்டும்.

நகரத்தின் செல்வம் ஊர்ப்புறத்துக்குப் பயன்பட இயலும் என்பதற்கும் சான்று உண்டு. 1969ஆம் ஆண்டில் நாட்டின் பதினான்கு பெருவங்கிகள் பொதுவுடைமையாக்கப்பட்டன. பாரிமுனையில் பிறந்த இந்தியன் வங்கியும் அவற்றுள் ஒன்று. அதன்பின் வங்கிக் கிளைகள் சிற்றூர்களை நாடிச் சென்றன. 1992ஆம் ஆண்டு முதல் பெண்களின் தன்னுதவிக் குழுக்களுக்கு வங்கிகள் கடன் வழங்கும் திட்டமும் தொடங்கியது. வலைக்கும் படகுக்கும் முன்பணம் கொடுத்து, மீனைக் குறைந்த விலைக்குப் பெற்றுக்கொள்ளும் தரகரிடமே கையேந்த வேண்டிய நிலை இதனால் சிறிது சிறிதாகத் தளரலாயிற்று. அக்குழுக்களில் ஒருவர் கடனுக்கு மற்றவர் அனைவரும் பொறுப்பு. வீடோ நகையோ ஈடு வைக்க இல்லாத பெண்கள், ஒருவரையொருவர் நம்பும் நம்பிக்கையையே ஈடாக வைக்கின்றனர்.

பழவேற்காட்டில் அடித்த பொற்காசுகள் இன்று அருங்காட்சியகங்களிலும் சேகரிப்போர் பேழைகளிலும் கிடக்கின்றன. அவற்றைக் கொண்டு ஒரு கூடை மீன்கூட எவரும் வாங்குவதில்லை. ஆனால், சீட்டுக் குலுக்கித் தம் முறை வரும்வரை காத்திருக்கும் மீனவரின் நாணயம் இன்னும் செல்லுபடியாகின்றது. பாரிமுனையின் வங்கிகள் நிலைபெற்றதும், ஆர்பத்நாட் கம்பெனி வீழ்ந்ததும் அதே நாணயத்தைக் கொண்டே அளக்கப்பெற்றன. மாடிகள் எத்தனை உயர்ந்தாலும், துறைமுகங்கள் எத்தனை பெருகினாலும், இனி எழும் நகரங்களையும் அந்த அளவுகோல் கொண்டே வருங்கால மக்கள் அளப்பர்.